கழுகும் கொக்குக் காசும்

ஜூன் 4

மூட்டு வலி இன்று குறைவு. அதை ஈடுகட்ட எதிர் வீட்டு டாக்டர் வந்து சேர்ந்தார்.

டாக்டர் என்றால் பல் டாக்டர். என் மகளின் மாமனார். நாற்பது வருடம் ஊரார் வாயைத் திறக்கச் சொல்லி எட்டிப் பார்த்தவர். போன வருடம் கிளினிக்கை மூடினார். அதன்பிறகு அவர் சொன்னால் யாரும் வாயைத் திறப்பதில்லை என்பதால் காசுகளைப் பார்க்க ஆரம்பித்திருக்கிறார். பழைய காசு என்றால்கூடப் பரவாயில்லை. பழைய காசில் இருக்கிற தப்பு! எழுத்து இரட்டையாக விழுந்தது, ஓரத்தில் கடித்தது போல் துண்டு போனது, தலை நேராக இருக்க, பூ கோணலாகத் திரும்பி நிற்பது. இவற்றைத் தேடிப் பிடித்து டப்பா டப்பாவாக அடுக்கி வைத்திருக்கிறார்.

மகளைக் கட்டிக்கொடுத்து ஏழு வருடம். அவர்கள் வீட்டு எதிர்க் கதவுக்கு நான் குடிவந்து இரண்டு வருடம். இத்தனை நாளும் எப்படியோ தப்பித்தேன். சம்பந்தம் பேசிய அன்று என் வேலை "அரசாங்க உத்தியோகம்" என்ற இரண்டு வார்த்தையில் முடிந்துபோனது. என்ன உத்தியோகம் என்று யாரும் கேட்கவில்லை. இன்று காலை என் மகள் வாய் தவறிச் சொல்லிவிட்டாள்: "மாமா, இதெல்லாம் எங்கம்மாகிட்டக் கேளுங்க. முப்பது வருஷம் காசு அடிக்கிற மிண்ட்ல செக் பண்ணவங்க."

பத்து நிமிடத்தில் மூன்று டப்பாவோடு வாசலில் நிற்கிறார். தலையில் பழைய கிளினிக் விளக்கு வேறு.

"சம்பந்தியம்மா! புதையலை எதிர் வீட்டுல வச்சுக்கிட்டு நான் ஊரெல்லாம் தோண்டிட்டிருக்கேனே! அங்க என்ன வேலை பார்த்தீங்க?"

"இந்த மாதிரி காசு வெளிய போயிடாமப் பிடிச்சு, உருக்கப் போடுறது."

"உருக்கவா? எத்தனை?"

"எண்ணினதில்ல டாக்டர். ஒரு நாளைக்கு ஒரு வாளி தேறும்."

நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் கொடுத்தேன்.

ஜூன் 7

மூன்று டப்பாவையும் பார்த்தாயிற்று. நாற்பத்து மூன்று காசு. அசல் பிழை நான்கு. மீதி முப்பத்தொன்பதும் மனிதர்கள் செய்த அட்டூழியம். தண்டவாளத்தில் வைத்தது, துளை போட்டது, அமிலத்தில் ஊற வைத்தது, ஒன்று நாய் கடித்தது என்றே நினைக்கிறேன்.

அவருக்கு ஒரே ஒரு சூத்திரம் சொன்னேன். கோடு மேடாக இருந்தால் அச்சின் தப்பு. பள்ளமாக இருந்தால் ஊரார் தப்பு. அச்சு விரிசல் விட்டால் அந்த விரிசலுக்குள் உலோகம் ஏறும். காசில் கோடு எழுந்து நிற்கும். ஆணியால் கீறினால் காசுக்குள் இறங்கும். அவ்வளவுதான். இதைப் படிக்க யாரும் கல்லூரிக்குப் போக வேண்டாம்.

ஓரம் வெட்டுப்பட்ட காசைக் காட்டினார். எதிர்ப்பக்க விளிம்பைப் பார்க்கச் சொன்னேன். அச்சடிக்கும் முன் தகட்டிலிருந்து வில்லை வெட்டும்போதே துண்டு போயிருந்தால், விளிம்பு எழுப்பும்போது எதிர்ப்பக்கம் அழுத்தம் கிடைக்காமல் மங்கியிருக்கும். பிறகு யாரோ அரத்தால் ராவியது என்றால் எதிர்ப்பக்கம் ஜம்மென்று இருக்கும்.

டாக்டர் துள்ளினார். "ஒரு பல் போனா எதிர்ப்பல் நீளும்ல, அதே கதை!"

கதவோரம் நின்றிருந்த அவர் மனைவி — நான் அண்ணி என்று கூப்பிடுவேன் — சலிக்காமல் சொன்னார்: "இவருக்குப் பல்லும் ஒண்ணு, காசும் ஒண்ணு. ஓட்டை இருந்தாத்தான் முகத்துல சிரிப்பு வரும்."

ஜூன் 8

காசுகளை டூத்பேஸ்ட் போட்டுத் தேய்க்கிறார்! கையும் களவுமாகப் பிடித்தேன். பிரஷ்ஷைப் பிடுங்கி வைத்துக்கொண்டேன்.

ஜூன் 15

டாக்டரோடு கடைக்குப் போகக் கூடாது. ரொட்டிக் கடையில் கொடுத்த சில்லறையை அங்கேயே விளக்குப் போட்டுப் பார்க்கிறார். பின்னால் ஏழு பேர். கடைக்காரர், "எல்லாம் நல்ல காசுதாங்க" என்றார் பணிவாக. "அதான் பிரச்சினை" என்றார் இவர். "நல்ல காசை வச்சு நான் என்ன பண்றது?"

நான் ரொட்டிக்கும் அவருக்கும் சம்பந்தமில்லாதவள் போல வெளியே வந்து நின்றேன். சம்பந்தியாகிவிட்டுச் சம்பந்தமில்லை என்று எத்தனை தூரம் நடிக்க முடியும்?

ஒன்று மட்டும் மனதில் உறுத்துகிறது. நடந்து வரும்போது கேட்டார்: "அந்த நாலு காசும் உங்க கையை விட்டுத் தப்பிச்சதா இருக்குமோ, சம்பந்தியம்மா?" விளையாட்டாகத்தான் கேட்டார். நான் சிரிக்கவில்லை.

ஜூன் 22

இன்று என்ன காரியம் செய்தேன். எழுதக் கை வரவில்லை.

டாக்டர் மாலையில் வந்தார். வழக்கமான டப்பா இல்லை. சட்டைப் பையில், வெள்ளைத் துணியில் மடித்து ஒரே ஒரு காசு. நாணயச் சங்கத்தில் ஒருவரோடு ஆறு மாதம் பேரம் பேசி, தன் சேகரிப்பில் பாதியை மாற்றாகக் கொடுத்து வாங்கினாராம். ஆகஸ்டில் சங்கத்தின் கண்காட்சி. அங்கே நடு மேசையில் இதுதான். பெயரும் கொடுத்துவிட்டார்.

என் கையில் கொடுக்கவே தயங்கினார். "ஓரத்தைப் பிடிங்க. முகத்துல விரல் படக் கூடாது."

"என் பொண்ணையே உங்க வீட்டுக்குக் குடுத்தேன் டாக்டர். இப்படியா பயந்தேன்?"

சிரித்துக்கொண்டேதான் வாங்கினேன். துணியைப் பிரித்தேன்.

கொக்குக் காசு. ஒரு பக்கம் ஒற்றைக் காலில் கொக்கு, மறுபக்கம் எண். அந்த வருடங்களில் லட்சம் லட்சமாக அடித்தோம். ஆனால் இதில் அச்சு விழுந்த நேரம் வில்லை விலகியிருக்கிறது. கொக்கு ஓரத்துக்குத் தள்ளிப்போய், எதிர் ஓரத்தில் ஒன்றுமே அச்சாகாத வெறும் வெள்ளிப் பிறை. ஆண்டின் கடைசி இலக்கம் பாதியோடு நிற்கிறது. கொக்கின் அலகுக்கு மேலே ஊசிமுனைப் புள்ளி.

அந்தப் புள்ளி. இருபத்தாறு வருடம் ஆகிவிட்டது, ஆனாலும் அந்தப் புள்ளி எனக்குத் தெரியும்.

"என்ன சொல்றீங்க?" டாக்டர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், ரிசல்ட் கேட்கிற பையன் மாதிரி.

"போலி," என்றேன்.

"என்ன?"

"பட்டறை வைஸ்ல, இரும்புப் பிடியில வச்சு நசுக்கியிருக்காங்க. உங்களை ஏமாத்திட்டாங்க டாக்டர்."

காசை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். துணியை நாலாக மடித்தார். காசை அதில் வைத்தார். "உங்க கண்ணு இல்லாட்டி சங்கத்துல அசிங்கப்பட்டிருப்பேன்," என்று சொல்லி, எனக்கு நன்றியும் சொல்லிவிட்டுப் போனார்.

நன்றி!

ஜூன் 23

இதை ஒரு முறையாவது முழுக்க எழுதிவிட வேண்டும். யார் படிக்கப் போகிறார்கள்.

நாணயச்சாலையின் பரிசோதனை மேசையில் நாங்கள் இருவர், நானும் என்னோடு வேலை பார்த்த ஒருத்தியும். நடுவில் பெல்ட் ஓடும், காசு ஆறு மாதிரி வரும். உருளைகள் அவற்றைப் புரட்டிக் காட்டும். இடது பாதி அவளுக்கு, வலது பாதி எனக்கு. தப்பானதைப் பொறுக்கி முழங்காலருகே உள்ள தொட்டியில் போட வேண்டும். அவளை எல்லோரும் கழுகு என்றுதான் கூப்பிடுவார்கள். பேசிக்கொண்டே, சிரித்துக்கொண்டே, பெல்ட்டைப் பார்க்காதவள் போல் இருந்துகொண்டே கொத்தி எடுப்பாள். ஒன்பது வருடம் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். என் கல்யாணப் பேச்சிலிருந்து பிரசவம் வரை எல்லாம் அந்த பெல்ட்டுக்கு மேலேதான் பேசி முடித்தோம்.

என் மகளுக்கு அப்போது நாலு வயது. பள்ளிக்கூடத்தில் சேர்த்த முதல் வாரம். அழுது அழுது மூச்சு வாங்குகிறாள் என்று வாசல் அலுவலகத்துக்குப் போன் வந்தது. "போயிட்டு வா, நான் ரெண்டு பக்கமும் பார்த்துக்கிறேன்," என்றாள் கழுகு. மேசையை விட்டு எழுந்தால் பதிவேட்டில் எழுத வேண்டும், பெல்ட்டை நிறுத்த வேண்டும். இரண்டையும் செய்யவில்லை. நாற்பது நிமிடம் போனில் பிள்ளைக்குச் சமாதானம் சொன்னேன்.

மூன்று வாரம் கழித்துப் பத்திரிகையில் படம். கொக்கு, பிறை, அலகுக்கு மேலே புள்ளி. "நாணயச்சாலை தூங்குகிறதா?" என்று தலைப்பு. காசு கிடைத்த ஆள் அதைத் திருப்பித் தர மாட்டேன் என்றுவிட்டார். காசு போன பையின் எண்ணை வைத்து எங்கள் மேசையையும், எங்கள் நேரத்தையும் கண்டுபிடித்தார்கள்.

விசாரணை அதிகாரி கேட்டார்: "மேசையில யார் யார் இருந்தீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் கழுகு சொன்னாள்: "ரெண்டு பேரும் இருந்தோம் சார். அது என் பக்கம். என் கண்ணு தவறிடுச்சு."

நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். செருப்பின் வார் எந்த நிறம் என்று இன்றைக்கும் சொல்வேன்.

அவளை மூட்டை தைக்கிற பிரிவுக்கு மாற்றினார்கள். கழுகை, சாக்கு தைக்க. இரண்டு வருடத்தில் வேலையை விட்டுவிட்டாள். நான்? நான் அவள் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டு, சாப்பிடும் நேரத்தை மாற்றிக்கொண்டேன். வராந்தாவில் அவள் வந்தால் மாடிப்படி ஏறிவிடுவேன். நல்லது செய்தவளைப் பார்த்து ஓடுகிற நன்றிகெட்ட ஜென்மம் ஒன்று உண்டென்றால் அது நான்தான்.

அந்தக் காசு நடு மேசைக்குப் போனால் பழைய கதை வெளியே வரும் என்ற பயத்தில் இப்போது டாக்டரையும் ஏமாற்றியாயிற்று. தப்பு கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்கினவள்!

ஜூன் 25

டாக்டர் சங்கத் தலைவருக்குப் போன் செய்து கண்காட்சியிலிருந்து பெயரை எடுக்கச் சொன்னார். இரண்டு கதவும் திறந்திருந்ததால் எனக்குக் கேட்டது. அந்தப் பக்கம் தலைவர் சிரித்ததுகூடக் கேட்டது.

ஜூன் 26

அந்தக் காசை எதிர் வீட்டு வாசல் அலமாரியில் சில்லறைக் கிண்ணத்தில் போட்டு வைத்திருக்கிறார்! பால், பேப்பர், பஸ் என்று யார் வேண்டுமானாலும் அள்ளுகிற கிண்ணம். என் மகள் அவசரத்தில் கைப்பிடி சில்லறை அள்ளிக்கொண்டு ஓடியதைப் பார்த்து எனக்கு உயிரே போய்விட்டது. பஸ் நிறுத்தம் வரை ஓடினேன், இந்த மூட்டோடு.

"என்னம்மா ஆச்சு?"

"கையைத் திற."

திறந்தாள். இல்லை. பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் பார்த்தார்கள். திரும்பி வந்து, அண்ணி குளிக்கப் போன நேரம் பார்த்து, கிண்ணத்திலிருந்து கொக்கை எடுத்துக்கொண்டு, பதிலுக்கு நல்ல காசு ஒன்று போட்டேன். இந்த வயதில் திருட்டும் கற்றாயிற்று.

ஜூலை 3

டாக்டர் டப்பாக்களைத் திறப்பதில்லை. காலையில் செய்தித்தாளை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிக்கிறார். அண்ணி என்னிடம் கிசுகிசுத்தார்: "நேத்து என் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாருங்க. நிலைமை சரியில்ல."

ஜூலை 9

விசாரித்துப் பிடித்துவிட்டேன். கழுகு பட்டன் கடை வைத்திருக்கிறாள். பட்டன், நூல், ஜிப், ஊசி. இங்கிருந்து இரண்டு பஸ். இருபத்தாறு வருடம், இரண்டு பஸ் தூரம்.

ஜூலை 11

போனேன். குறுகிய கடை, கூரை வரைக்கும் சின்னச் சின்ன இழுப்பறைகள். ஒவ்வொன்றின் முகப்பிலும் ஒரு பட்டன் தைத்திருக்கிறது. கல்லாவில் அவள். முடி முழுக்க வெள்ளை. கண்ணாடி போட்டிருக்கிறாள், கழுகுக்கும் கண்ணாடி!

என்னைப் பார்த்தாள். "என்ன வேணும்?"

"பட்டன்."

"ரெண்டு துளையா, நாலு துளையா?"

"நாலு."

பன்னிரண்டு வெள்ளைப் பட்டன் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜூலை 14

மறுபடி போனேன். நீலம், ஆறு.

ஜூலை 18

கருப்பு, பெரிய சைஸ். கோட்டுக்குப் போடுவது. என்னிடம் கோட்டே கிடையாது.

மகள் கேட்கிறாள், "அம்மா, தையல் கத்துக்கிறியா?" ஆமாம் என்று சொல்லி வைத்தேன். பொய்க்கு மேல் பொய். இனி ஒரு தையல் மெஷின்தான் வாங்க வேண்டும்.

ஜூலை 21

இன்று சிவப்புப் பட்டன் கேட்டேன். அவள் இழுப்பறையைத் திறக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"இன்னும் எத்தனை கலர் வாங்கினப்புறம் பேசுவே, வாத்து?"

வாத்து. என் நடைக்கு அவள் வைத்த பெயர். என் வீட்டுக்காரர் போனபிறகு என்னைப் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிட இந்த உலகத்தில் யாருமில்லை என்று நினைத்திருந்தேன்.

"மொத நாளே தெரிஞ்சுதா?"

"தெருவுல வரும்போதே தெரிஞ்சுது. வாத்து நடை மாறுமா?"

பர்ஸிலிருந்து துணியை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். பிரித்தாள். கண்ணாடி இல்லாமலேதான் பார்த்தாள். முகம் எப்படி மாறியது என்று எழுதத் தெரியவில்லை. கோபம் இல்லை. ரொம்ப நாள் கழித்துச் சொந்தக்காரரைப் பார்த்தது போல.

நான் கொட்டிவிட்டேன். எல்லாவற்றையும். நான் எழுந்து போனதால் வந்த வினை, நீ ரெண்டு பக்கமும் பார்த்ததால்தான் தவறியது, நான் சொல்லியிருக்கணும், சொல்லல, உன் வாழ்க்கையே சாக்கு மூட்டையாப் போச்சு, என்னாலதான்டி, என்னாலதான் — அழுதேன் என்று நினைக்கிறேன். ஜிப் வாங்க வந்த ஒரு தையல்காரர் அப்படியே திரும்பிப் போனார்.

நான் முடித்ததும் கழுகு கேட்டாள்:

"இது என் கண்ணுல படாமப் போயிடுச்சுன்னா நெனச்சுக்கிட்டிருக்கே?"

"பின்ன?"

"பார்த்தேன்டி. கையில எடுத்தேன். தொட்டி வரைக்கும் கொண்டுபோனேன்." காசை வெளிச்சத்தில் சாய்த்தாள். "பாரு. கொக்கு நிக்குது, பக்கத்துல நிலா. யாரோ யோசிச்சுப் பண்ண மாதிரி இல்ல? ஒன்பது வருஷத்துல எவ்வளவு உருக்கப் போட்டிருப்போம், இந்தக் கை இதைப் போட மாட்டேன்னுடுச்சு. நீயும் எதிர்ல இல்ல. திரும்ப பெல்ட்டுலயே வச்சு, போடா ராசான்னு விட்டுட்டேன்."

ஸ்டூலை இழுத்துப் போட்டேன்.

"வேணும்னே விட்டியா?"

"வேணும்னேதான். அதனாலதான் என் பக்கம்னு சொன்னேன். உனக்காகத் தியாகம் பண்ணேன்னு நெனச்சியா? சினிமாவா இது?"

அப்புறம் அவள் சொன்னதுதான் என்னை உட்கார வைத்தது. நான் போனை வைத்துவிட்டு மேசைக்குத் திரும்பியபோது அவளைப் பார்த்து ஒரு மாதிரியாகச் சிரித்தேனாம். அவள் காசை விட்டதைக் கதவருகே நின்று நான் பார்த்துவிட்டேன் என்று முடிவு கட்டிவிட்டாள். அப்புறம் நான் பேச்சை நிறுத்தியதும் சந்தேகமே இல்லை: "இவ எவ்வளவு நேர்மையானவ, நான் இப்படிப் பண்ணிட்டேனேன்னு அருவருப்புல ஒதுங்குறா"ன்னு.

நான் சிரித்தது பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டாள் என்பதற்காக!

முதலில் யார் சிரித்தது என்று தெரியவில்லை. அவள் சிரிப்பு அப்படியே இருக்கிறது, கதவு கீல் மாதிரி.

கிளம்பும்போது சொன்னாள், சிரிக்காமல்: "மூட்டை தைச்சதெல்லாம் பெருசில்ல வாத்து. ஒரு நாள்கூட நீ வந்து பக்கத்துல உக்காரல பாரு. அதான்."

ஜூலை 22

அவள் வேண்டுமென்றே விட்டாள் என்பதால் என் கணக்கு நேராகிவிடுமா? அதிகாரி முன்னால் நான் வாயை மூடிக்கொண்டிருந்தபோது எனக்கு அது தெரியாதே. நான் மூடியது பயத்தில். அவளிடம் போனில் இதைச் சொன்னேன். "சரி, அந்தத் தப்பு உன்னுது, இந்தத் தப்பு என்னுது. ஆளுக்கு ஒண்ணு வச்சுக்கலாம்," என்றாள்.

ஆனால் டாக்டருக்குச் செய்தது முழுக்க என்னுடையது.

ஜூலை 24

சொல்லப் போனேன். அண்ணி டீ கொடுத்தார். குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

ஜூலை 26

சொல்லிவிட்டேன். காசை அவர் முன்னால் வைத்து, "இது அசல். நான் பொய் சொன்னேன் டாக்டர்," என்று ஆரம்பித்து கடைசி வரை, கிண்ணத்தில் திருடினது உட்பட.

கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் மெதுவாகச் சொன்னது இது:

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு, நான் மறுபடி லென்ஸ் வச்சுக்கூடப் பார்க்கல சம்பந்தியம்மா."

எழுந்து உள்ளே போய்விட்டார். காசு மேசையிலேயே இருந்தது.

மகள் பக்கத்தில் நின்று எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்ப நான் அழுததுனாலதான் எல்லாமா?" என்றாள். "ஆமாடி, உன் வாயாலதான் எல்லாம்," என்றேன். இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை.

ஜூலை 29

டாக்டர் பேசவில்லை. எதிர்க் கதவு சாத்தியிருக்கிறது.

அண்ணி மட்டும் வந்தார். முகம் மலர்ந்திருந்தது. "மூணு நாளா ஒரு வார்த்தை இல்ல. பல்லு, அச்சு, விரிசல் ஒண்ணும் இல்ல. வீடு எவ்வளவு நல்லா இருக்கு தெரியுமா? அவரு மன்னிச்சாலும் நீங்க ரெண்டு நாள் தள்ளிப் போடுங்க."

ஜூலை 31

கதவு தட்டும் சத்தம். டாக்டர், தலையில் விளக்கும் கையில் கொக்குக் காசுமாக. முகத்தை உர்ரென்று வைத்திருந்தார்.

"அசல்னு சொன்னீங்களே. நிரூபிங்க."

"என்ன?"

"போன தடவை போலின்னீங்க, நம்பினேன். இந்தத் தடவை நம்ப மாட்டேன். காரணம் சொல்லுங்க."

எனக்கு அது பிடித்திருந்தது. காட்டினேன். பிறையின் பக்கம் விளிம்பே எழவில்லை, பாருங்கள். அச்சு விழாத இடம் வழவழப்பாக, வில்லை வந்தபடியே இருக்கிறது. வைஸில் நசுக்கியிருந்தால் அதன் பல் பதிந்திருக்கும். கொக்கின் இறகில் ஒரு கோடுகூட மழுங்கவில்லை. மறுபக்கம் எண்ணும் அதே அளவு விலகியிருக்கிறது. இரண்டு பக்கமும் ஒரே அடியில் விழுந்தது என்பதற்கு அதுவே சாட்சி. அலகுக்கு மேல் இருக்கிற புள்ளி மேடு. அது அச்சிலேயே இருந்த பள்ளம்.

ஒவ்வொன்றையும் அவரே லென்ஸ் வைத்துப் பார்த்தார். நான் சொன்ன பிறகும் பார்த்தார். முக்கால் மணி நேரம். கடைசியில் விளக்கை அணைத்தார்.

"அந்தம்மா உண்மையிலேயே அழகா இருக்குன்னுதான் விட்டாங்களா?"

"அப்படித்தான் சொல்றா."

"சங்கத்துல நானூறு பேர் இருக்கோம். இந்தக் காசோட அருமை எங்க எல்லாருக்கும் முன்னாடி அவங்களுக்குத்தான் தெரிஞ்சிருக்கு." கொஞ்சம் நிறுத்தி, "பரிசோதனை மேசையில உக்காந்துக்கிட்டு," என்றார்.

நான் மன்னிப்புக் கேட்டேன், மறுபடி. அவர் கையை அசைத்தார். "பல்லு வலிக்கலன்னு பொய் சொல்ற பேஷண்ட் எத்தனை பேரைப் பார்த்திருக்கேன். வலி எங்கேன்னு கண்டுபிடிச்சாச்சுல்ல, விடுங்க."

ஆகஸ்ட் 2

டாக்டர் தலைவருக்குப் போன் செய்து பெயரை மறுபடி சேர்க்கச் சொன்னார். இந்த முறை சிரித்தது டாக்டர். அண்ணி என்னைக் குற்றவாளியைப் பார்ப்பது போலப் பார்த்தார். மௌனம் முடிந்துவிட்டதே என்று.

ஆகஸ்ட் 10

கண்காட்சி. ஒரு பள்ளிக்கூட மண்டபம், நீள மேசைகள், கண்ணாடிப் பெட்டிகள். ஊரில் உள்ள அத்தனை பூதக்கண்ணாடிகளும் ஒரே இடத்தில்.

கழுகு வர மாட்டேன் என்று ஒரு வாரம் அடம்பிடித்தாள். "பறிக்க ஓய்வூதியமே இல்லாதவளைப் பிடிச்சு என்ன பண்ணப் போறாங்க?" என்று கேட்டு இழுத்து வந்தேன். டாக்டரைப் பார்த்ததும் அவள் முதல் வார்த்தை: "தலையில என்ன, சுரங்கத்துக்குப் போறீங்களா?" டாக்டர் சுருண்டுவிட்டார். எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

நடு மேசையில் கொக்கு. பக்கத்தில் அட்டை. தன் பெயர் வேண்டாம் என்று கழுகு சொல்லியிருந்தாள். டாக்டர் நாலு நாள் யோசித்து, தன் கையாலேயே எழுதியிருந்தார்:

"மையம் விலகிய அடி. பரிசோதகர் கண்ணுக்குத் தப்பவில்லை."

சங்கத் தலைவர் குனிந்து படித்தார். "வார்த்தை தப்பு போல இருக்கே டாக்டர். கண்ணுக்குத் தப்பியதுன்னு இல்ல வரணும்?"

"சரியாத்தான் இருக்கு," என்றார் டாக்டர்.

கழுகு அட்டையை இரண்டு முறை படித்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, அருகே யாரோ வைத்திருந்த வேறொரு பெட்டியைக் காட்டினாள். "வாத்து, இந்த இரட்டை அடியைப் பாரு. அசலா?"

பார்த்தேன். "சுத்தியல் வேலை."

"சுத்தியலேதான்."

அப்புறம் நாங்கள் இருவரும் மண்டபத்தின் ஒரு கோடியிலிருந்து ஆரம்பித்தோம், அவள் இடது பக்க மேசைகள், நான் வலது பக்க மேசைகள். மத்தியானத்துக்குள் பதினேழு போலி. மூன்று பேர் காசை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். தலைவர் டாக்டரிடம் வந்து, தயவுசெய்து உங்கள் விருந்தாளிகளுக்கு டீ வாங்கிக் கொடுத்து எங்காவது உட்கார வையுங்கள் என்று கெஞ்சினார்.

ஆகஸ்ட் 11

முட்டி வீங்கியிருக்கிறது. பரவாயில்லை.

ஆகஸ்ட் 27

காலை பதினோரு மணிக்குக் கழுகிடமிருந்து போன். எடுத்ததும் கத்தல்.

"உன் சம்பந்தி இங்க வந்து உக்காந்திருக்காருடி. ஒன்பது மணிக்கு வந்தவரு. துளை தப்பாப் போட்ட பட்டன் இருக்கான்னு கேக்குறாரு. மூணு துளை பட்டன் ஒண்ணு கிடைச்சதும் கண்ணுல தண்ணி வச்சுட்டாரு. இப்ப எல்லா இழுப்பறையையும் கீழ இறக்கச் சொல்றாரு. உடனே வந்து கூட்டிட்டுப் போ."

"அவர் வரமாட்டாரு. நான் வந்தாலும் நடக்காது."

"நடக்காட்டிப் போகுது. நீ வா."

அண்ணியிடம் சொல்லிவிட்டேன், மதியச் சாப்பாட்டுக்கு எங்களை எதிர்பார்க்க வேண்டாம் என்று. செருப்பு போட்டாயிற்று. முதல் பஸ் பதினொன்றரைக்கு. குடையை எடுத்துக்கொள்ள வேண்டும். அவள் கடையில் உட்கார்ந்தால் சாயங்காலத்துக்கு முன்னால் எழுந்திருக்க விடமாட்டாள்.